கடுவன் பூனை போட்ட துண்டு

சனிக்கிழமை மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். தொலைக்காட்சித் திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நிமிடத்தில்தான் கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து கடுவன் பூனை தலையைத் தூக்கியது. அதன் கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு கிடந்தது. பாசிப்பச்சை உடல், வாடாமல்லிக் கரை, கரையை ஒட்டி மெல்லிய வெள்ளிச் சரிகை.

நான் சிரித்தேன். அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்த அந்தப் பூனைக்குத் துண்டு அவ்வளவு எடுப்பாக இருந்தது. சிரித்து முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

"அந்தத் துண்டு எங்கேந்து வந்துச்சு?" என்று என் மனைவி தறியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நான்தான் குடுத்தேன். உன் கூடையில இருந்துச்சே, கடைத்துண்டு."

அவள் தறிக்குழியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து வந்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கமான ஒன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

"ஆர்டர் குடுத்தவரே நாளைக்குத்தாங்க அதப் போடப் போறாரு" என்றாள்.

எங்கள் ஊர் கேபிளில் சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்குக் குழந்தைகளுக்காக ஒரு பொம்மை நிகழ்ச்சி வருகிறது. நேரலை. ஒரு செல்போன் கடையின் மாடியில்தான் கேபிள்காரரின் அலுவலகம். அங்கே ஓர் அறையில் கறுப்புத் துணி கட்டி, எதிரே ஒரு கேமராவை வைத்து நடத்துகிறார். நான்கைந்து பள்ளிப் பிள்ளைகள் துணிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து, கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு பேசுவார்கள். வீட்டிலிருந்து பார்க்கும் பிள்ளைகள் போன் செய்து பொம்மைகளிடம் கேள்வி கேட்கலாம்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் அதில் கடுவன் பூனை. என்னுடைய பழைய காலுறையில் துடைப்பக் குச்சியை மீசையாகக் குத்தி அவளே செய்த பூனை. யாராவது சிரித்தால் அதற்குப் பிடிக்காது. யாராவது நல்ல செய்தி சொன்னால், அதில் என்ன கெட்டது இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். அதன் குரலை என் மகள் அடித்தொண்டையிலிருந்து எடுப்பாள். பதினோரு வயதுப் பெண்ணுக்குள் அப்படி ஒரு கிழட்டுக் குரல் எங்கிருந்து வந்தது என்று நான் வாராவாரம் ஆச்சரியப்பட்டுச் சிரிப்பேன். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஏன் பொம்மையைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அந்த மாதம் பொம்மை ஊரில் மேயர் தேர்தல். எங்கள் ஊரிலும் உள்ளாட்சித் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் அறிவிக்கப்படலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால், பிள்ளைகளும் அதையே கதையாக்கிவிட்டார்கள். "நம்ம ஊர் மேயருக்கு நீ ஓட்டுப் போட்டியாப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். நாம் கவுன்சிலருக்குத்தான் போடுகிறோம், கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நான் பள்ளியில் பாடம் நடத்துவதுபோலச் சொன்னேன். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவள் யோசித்துவிட்டு, "எங்க பொம்மை ஊர்ல நேரா மேயருக்கே போடலாம்" என்றாள். அணில் மட்டும் போட்டியிட்டு, போட்டியே இல்லாமல் ஜெயிக்கப் போகிற நேரத்தில், அணிலின் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் கடுவன் பூனை மனுத்தாக்கல் செய்கிறது. கதை அவ்வளவுதான்.

"தேர்தல்ல நிக்கிறவங்க துண்டு போட்டிருப்பாங்கபா. பூனைக்கு ஒண்ணு வேணும்" என்று கேட்டாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். தறிக்குப் பக்கத்திலிருந்த கூடையில் ஒரு சின்னத் துணி மஞ்சள் நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்துக் கொடுத்தேன்.

கடைத்துண்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் நெய்ய வேண்டியதையெல்லாம் நெய்து அறுத்த பிறகு, கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அதையும் வீணாக்காமல் முடிந்தவரை நெய்து எடுப்பார்கள். கைக்குட்டைக்குப் பெரிது, துண்டுக்குச் சிறிது. என் மனைவி பிறந்த வீட்டில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் கொடுத்தவர் அந்தப் புடவையையோ துண்டையோ ஒருமுறை உடுத்தும்வரை அதன் கடைத்துண்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. மணப்பெண்ணுக்கு நெய்த நிறத்தை முகூர்த்தத்துக்கு முன்னால் வேறு யாராவது மேலே போட்டுக்கொண்டால், அந்தப் புடவை பழையதாகிவிட்டது என்று பெண் வீட்டார் வாங்க மாட்டார்கள். அதனால்தான் அந்த மஞ்சள் நூல். கல்யாணமான பதினைந்து வருடத்தில் இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பூனையை 'வேறு யாராவது' என்று நான் நினைக்கவில்லை. மனிதர் யாரும் போட்டுக்கொள்ளப் போவதில்லையே என்றுதான் என் புத்தி போயிற்று.

அந்தப் பாசிப்பச்சைப் பாவில் தோள்துண்டுகளை நெய்ய ஆர்டர் கொடுத்தவர் எங்கள் பகுதியிலிருக்கும் கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர். வரப்போகும் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறார். கவுன்சிலராகி, அப்படியே மேயராகவும் ஆகிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று சொல்லிக்கொண்டார்கள். எந்தக் கட்சிக் கரையிலும் இல்லாத ஒரு நிறம் வேண்டும் என்று என் மனைவியோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அந்த நிறம் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம். ஆதரவாளர்கள் முன்னால் முதன்முதலாகத் துண்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறப் போகிறார்.

அதற்கு முந்தைய மாலை பூனை ஏறிவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. மண்டபக்காரரின் சிடுசிடுப்பு ஊருக்கே தெரியும். கூரம் கிராமத்திலிருக்கும் எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் அவர் மண்டபத்தில்தான் நடந்தது. பந்தி நடக்கும்போது ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்திவிட்டு, "கை கழுவனவங்க குழாய மூடிட்டுப் போங்க. நான் வந்து மூடனா நல்லாருக்காது" என்று அறிவித்தார். மாப்பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்தான்.

இப்போது திரையில் என் மகளின் பூனை பேசிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். போட்டா போடு, போடாட்டிப் போ. அணிலு ஆளுக்கொரு கொய்யாமரம் தரேன்னுது. நான் ஒண்ணும் தர மாட்டேன். இருக்கற குழாய ஒழுங்கா மூடுங்க, அது போதும். மூடத் தெரியாதவனுக்குத் தண்ணி கிடையாது. செருப்ப இப்படி ஒண்ணு அப்படி ஒண்ணு விட்டா, ஒண்ண இந்தத் தெருவுல போடுவேன், இன்னொண்ண அந்தத் தெருவுல போடுவேன். ஆளில்லாத ரூம்ல ஃபேன் யாருக்குச் சுத்துது, பேய்க்கா?"

ஒரு குழந்தை போனில் வந்து, "கடுவன் அங்கிள், நீங்க எப்பவாச்சும் சிரிப்பீங்களா?" என்று கேட்டது.

"போன வருஷம் ஒருதடவ சிரிச்சேன். பல்லு வலிச்சிச்சு. விட்டுட்டேன்."

கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரிப்பது எங்களுக்கும் கேட்டது. பக்கத்து வீட்டிலும் சிரித்தார்கள். குழாய் என்ற வார்த்தை வந்தவுடனேயே எனக்கு மண்டபத்து ஒலிபெருக்கி நினைவுக்கு வந்தது. செருப்பு வந்ததும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன் அடித்தது. மண்டபக்காரரின் மச்சான். அவருக்கு எல்லா வேலையும் செய்கிறவர் அவர்தான். துண்டுகளை வந்து எடுத்துப் போனவரும் அவர்தான்.

"சார், டிவி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேங்க."

"அண்ணனும் பாத்துக்கினுதான் இருக்காரு." கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெல்லப் பேசினார். "நாளைக்கு அண்ணன் போடற துண்டு சார் அது. பூன கழுத்துல இருக்குது. குழாய மூடுன்றது, செருப்புன்றது, எல்லாம் அண்ணன் பேச்சு. யாரு எழுதித் தராங்க இதெல்லாம்?"

"தெரியலைங்க."

"பேசறது யாரு வூட்டுப் புள்ள?"

"தெரியலைங்க."

என் வீட்டுக் கூடத்தில் என் மகளின் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் போனில் தெரியவில்லை என்று சொல்கிறேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கேள்வி வந்ததும் வாய் அவளை மறைத்துவிட்டது.

"தெரியலயா? சரி சார்" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த நிகழ்ச்சி எப்படி முடியும் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு வாரமும் கடைசியில் பிள்ளைகள் துணிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, எந்தப் பொம்மைக்கு யார் குரல் என்று சொல்லி, உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்வார்கள். என் மகள் வந்தாள். பூனை கையிலேயே இருந்தது. தன் பெயர், எங்கள் தெருவின் பெயர், எல்லாம் சொன்னாள்.

"பூனைக்குத் துண்டு குடுத்த எங்கப்பாக்கும், அத நெய்ஞ்ச எங்கம்மாக்கும் நன்றி" என்றாள்.

போன் மறுபடி அடித்தது. அதே எண். நான் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

"போன எடுத்துக்கினு போங்க" என்றாள் மனைவி.

"வேணாம். நீயும் எடுக்காத. முதல்ல பாப்பாவக் கூட்டிட்டு வந்துடறேன்."

அன்று பார்த்துப் பெருமாள் புறப்பாடு. பெரிய தெருவில் குடைகள் தெரிந்தன. பேருந்துகளும் ஆட்டோக்களும் ஒன்றை ஒன்று மூக்கால் தொட்டபடி நின்றன. வழக்கமாக நானும் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். அன்று பூக்கடைக்கும் சுவருக்கும் நடுவில் வண்டியை நுழைக்கப் பார்த்தேன். பூக்காரம்மா, "சாமி எங்கயும் ஓடிடாது, ஒருதபா நின்னுதான் போயேன்" என்றார். அங்கேயே நின்றேன். எங்கள் வீட்டில் பயப்படும் வேலை என்னுடையது. கேஸ் மூடியாயிற்றா, கதவு பூட்டியாயிற்றா, மகள் சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்தாளா என்று எப்போதும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். இத்தனை வருடப் பயத்தில் ஒருமுறைகூட ஒரு பொம்மைக்காகப் பயந்ததில்லை.

கேபிள் அலுவலகத்தை அடைந்தபோது மாடிப்படி வெறிச்சோடியிருந்தது. மேலே கேபிள்காரர் மட்டும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்க?"

"கீழ இல்லயா சார்?" என்றார். "நீங்க வந்துட்டீங்கன்னு எறங்கிச்சுன்னு நெனச்சேன்."

"நான் இப்பத்தான் வரேன்."

அவர் வயரைக் கீழே வைத்தார். "மண்டபக்காரரு மச்சான் போன் பண்ணாரு சார். பாப்பாகிட்ட குடுன்னாரு. குடுத்தேன்."

"ஏன் குடுத்தீங்க?"

"தெரிஞ்சவருதானேன்னு..."

"என்ன சொன்னாரு?"

"அவரு சொன்னது எனக்குக் கேக்கல. பாப்பா 'சரிங்க, சரிங்க'ன்னுச்சு. மூஞ்சி ஒருமாதிரி ஆயிடுச்சு. போனக் குடுத்துட்டுப் பூனைய எடுத்துக்கினு எறங்கிடுச்சு."

அவர் மேலும் ஏதோ சொன்னார். நான் அதற்குள் படிகளில் இருந்தேன். கீழே செல்போன் கடையில் விசாரித்தேன். கடைப் பெண், "பொம்மை வெச்சிருந்த பொண்ணா? இப்படித்தான் நடந்து போச்சு" என்று மண்டபம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். "தனியாவா?" என்றேன். "தனியாதான்."

மண்டபத்துக்குப் போகும் வழி எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அது எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. என் மகளைப் போலவே மஞ்சள் பாவாடையோடு நடந்துபோன ஒவ்வொரு பெண்ணையும் வண்டியை நிறுத்தி முகம் பார்த்தேன். ஒரு பெண்ணின் அம்மா என்னை முறைத்தார். அவர் முறைத்தது சரிதான்.

மண்டபத்தில் மறுநாள் கூட்டத்துக்காக வாழை மரம் கட்டியிருந்தார்கள். கேட் பாதி மூடியிருந்தது. காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இருக்காரா?"

"கார்ல கெளம்பிட்டாரே."

"ஒரு பொண்ணு வந்துச்சா? கையில பொம்மை வெச்சிக்கிட்டு?"

"வந்துச்சே. அண்ணன்கிட்டப் பேசிக்கினு இருந்திச்சு. அழுதுக்கினு இருந்த மாதிரி தெரிஞ்சுது. அப்பறம் அதையும் கார்ல ஏத்திக்கினுதான் போனாரு."

"எங்க போனாங்க?"

"எங்கிட்ட யாரு சார் சொல்லிட்டுப் போறாங்க?"

என் மகள் அழுதிருக்கிறாள். நான் யாரிடம் அவளைத் தெரியாது என்றேனோ அவர்களுடைய காரில் இருக்கிறாள். அந்தக் கார் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டேன். போன் இல்லை. கவிழ்த்து வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காவல்காரரின் போனை வாங்கினேன். மனைவியின் எண்ணை மனப்பாடமாக அழுத்த முயன்று இரண்டு தடவை தவறினேன். தினமும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் ஆள் நான். மூன்றாம் முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மச்சானின் எண் எனக்கு மனப்பாடமில்லை. காவல்காரர், "அண்ணன் நம்பரும் அவரு நம்பரும் புது போன்ல இன்னும் ஏத்தல சார்" என்றார்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன். எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. மகள் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று ஒரு நினைப்பு, வந்திருக்க மாட்டாள் என்று ஒரு நினைப்பு. சந்து திரும்பும்போது எங்கள் வாசலில் கார் எதுவும் நிற்கவில்லை என்பது தெரிந்தது.

மனைவி தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அவள் தோளில் கை வைத்து நின்றிருந்தார். நான் தனியாக உள்ளே வருவதைப் பார்த்ததும் மனைவி எழுந்துவிட்டாள்.

"எங்க அவ?"

"அவங்க கார்ல."

"யாரு கார்ல?"

சொன்னேன். அக்கா, "ஐயோ, என்னாண்ணே சொல்றீங்க" என்றார். மனைவி போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். திரை முழுக்க மச்சானின் எண்.

"விட்டு விட்டு வந்துக்கினே இருந்துச்சு. என் போனுக்கும் வந்துச்சு. வேற ஏதோ நம்பர்லேந்து கூட ஒண்ணு. நீங்க எடுக்காதன்னீங்கன்னு எடுக்கல."

அந்த எண்ணை அழைத்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடியும் அதையே சொன்னது.

"போலீசுக்குப் போயிடலாம்ணே" என்றார் அக்கா. "பொட்டப்புள்ள. எலக்சன் ஆளுங்க. நீங்க யோசிச்சுக்கினு நிக்காதீங்க."

"என்னான்னு சொல்றது?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பூனைக்குத் துண்டு போட்டோம், அதனால் பெண்ணைக் காரில் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் ஒரு காவல் நிலைய மேசைக்கு முன்னால் நின்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். கேட்கிறவர் சிரிப்பாரோ என்றும் தோன்றியது. சிரித்தாலும் பரவாயில்லை, போவோம் என்று திரும்பினேன்.

சந்து முனையில் காரின் விளக்கு தெரிந்தது. எங்கள் சந்தில் கார் வருவது கடினம். அது பின்னால் நகர்ந்து, முன்னால் நகர்ந்து, ஒரு கறிவேப்பிலைத் தொட்டியை நசுக்காமல் தாண்டி, எங்கள் வாசலில் வந்து நின்றது. மச்சான்தான் ஓட்டி வந்திருந்தார், காதில் போனோடு. பின் கதவு திறந்தது. உள்ளே மண்டபக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் மடியைத் தாண்டிக்கொண்டு என் மகள் இறங்கினாள். கையில் பூனை இருந்தது. கழுத்தில் துண்டு இல்லை.

மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகள் அம்மாவின் இடுப்பிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள்.

"ஏம்பா போன எடுக்கல? அந்த மாமா போன்லேந்து எத்தன தடவ பண்ணேன் தெரியுமா? பெரிய தெருவுல சாமி வந்துச்சு, கார் நகரவே இல்ல."

என் மகள் அழைத்த போனைத்தான் நாங்கள் இருவரும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

காரின் முன் கதவு திறந்தது. மண்டபக்காரர் இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. கையில் அந்தச் சின்னத் துண்டு நான்காக மடிக்கப்பட்டிருந்தது. யாரையும் பார்க்காமல் எங்கள் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஒன்று படியின் மேல் கவிழ்ந்தது. இன்னொன்று உதறிய வேகத்தில் கூடத்துக்குள் வந்து தறிக்குழிக்குப் பக்கத்தில் விழுந்தது.

அவரிடம் சொல்வதற்கு நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள். மன்னிக்க வேண்டும், தெரியாமல் நடந்துவிட்டது, பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள், என் மேல்தான் தப்பு. ஒரு மாலை முழுக்க என்னிடமிருந்து எங்கோ போயிருந்த குரல் திரும்பி வந்தது. வந்த குரல் வேறு ஒன்றைச் சொன்னது.

"செருப்ப இப்படி ஒண்ணு அப்படி ஒண்ணு விட்டா, உள்ள வர்றவங்க எங்க கால் வெக்கறது?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். என் மகள் தரையைப் பார்த்தாள். காரில் உட்கார்ந்திருந்த மச்சான் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே ஒரு விநாடி கழித்துத்தான் கேட்டது. கேட்டதும், இதே வார்த்தையை இதே குரலில் இன்று வேறெங்கோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது.

மண்டபக்காரர் என்னைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். குனிந்து உள்ளே கிடந்ததை எடுத்து, படியில் கவிழ்ந்திருந்ததை நிமிர்த்தி, இரண்டையும் சுவரோரம் ஒன்றுக்கு ஒன்று நேராக வைத்தார். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"பாப்பா தனியா நடந்து மண்டபத்துக்கு வந்துச்சு" என்றார். "அது யாரு துண்டு தெரியுமான்னு கேட்டானாம் என் மச்சான், போன்ல. உடனே எடுத்துக்கினு வந்துடுச்சு. 'நீங்க போட்டப்பறம்தான் மத்தவங்க போடணும், எங்கப்பா மறந்துட்டாரு, திட்டாதீங்க'ன்னு அழுவுது. சரி, துண்டு கெடக்குது, அந்தப் பூன நான்தானேன்னு கேட்டேன். இல்லீங்க, அது எங்கப்பான்னுச்சு. மறுபடியும் கேட்டேன். எங்கப்பாதான்னுச்சு. நான் நம்பல வாத்தியாரே. உங்கள மாட்டிவுட்டுத் தப்பிக்கப் பாக்குதுன்னுதான் நெனச்சேன். நேர்ல கேப்போம்னு வந்தேன்."

நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். அவள் எதையும் மறுக்கவில்லை.

"தெருவுக்கே தெரியும்ணே" என்றார் அக்கா, மெல்ல.

மண்டபக்காரர் மடித்த துண்டை விரித்தார். என் மகளின் கையிலிருந்த பூனையின் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். ஒரு முனையைக் கொஞ்சம் இழுத்து விட்டார்.

"இது போட்டாச்சு. இனிமே நான் போட்டாலும் பூன போட்டதத்தான் போடணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என் மகளிடம் குனிந்தார். "பாப்பா, ஒண்ணு மட்டும் சொல்லிடு. அடுத்த சனிக்கெழம தேர்தல்ல இந்தப் பூன ஜெயிக்குதா, தோக்குதா? தோக்கப் போவுதுன்னா இப்பவே சொல்லிடு. நான் கலர மாத்திக்கறேன்."